எல்டிஎல் இறங்காதபோது நாம் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு ஜூனியர் எழுதிய சீட்டைப் பார்த்தேன். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமை அடித்துவிட்டு 20. 3 மாதம் கழித்து அதையும் அடித்துவிட்டு 40. எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 160-லேயே உட்கார்ந்திருக்கிறது. தேதியை மாற்றினால் பல வருடம் முன்பு நான் எழுதிய சீட்டேதான். நடைப்பயிற்சி, எண்ணெய், புகை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் மனப்பாடம்.

போடுகிறாரா என்று தெரியாமலே டோஸை ஏற்றுவது

இன்றும் எரிச்சல் வரும் விஷயம் இது. என்னிடம் வந்தவருக்கு இப்படித்தான் 40 வரை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும், "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்பேன். "போடுறேன் டாக்டர்" என்பார். வேறென்ன சொல்வார்? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டியது நான்தானே.

ஒருநாள் மாரடைப்போடு வந்து சேர்ந்தார். வீட்டில் இருந்த மருந்தையெல்லாம் அவர் மனைவி ஒரு பையில் கொண்டுவந்து கொட்டினார். 10, 20, 40 மூன்றும் இருந்தன, பாதிக்கு மேல் பிரிக்காத அட்டைகள். முதல் மாதமே தொடை வலித்ததாம், நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லக் கூச்சம். சொல்லியிருந்தால் சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, டோஸைக் குறைத்தோ வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ பார்த்திருக்கலாம்.

கணக்கே எனக்குக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராமே சராசரியாக எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கும். துளியும் அசையவில்லை என்றால், மருந்து தோற்றதா என்று யோசிக்கும் முன் அது வயிற்றுக்குள் போனதா என்று பார்க்க வேண்டும். இப்போது நான் கேட்பது வேறு: "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" உடனே விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

தைராய்டு

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறியே இருக்கும். அதைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா?

இரட்டிப்பு டோஸ், இரட்டிப்பு பலன் என்ற நினைப்பு

சரி, ஒழுங்காகவே போடுகிறார், ஆனாலும் இலக்கை எட்டவில்லை. ஸ்டாட்டின் டோஸை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாகச் சுமார் 6 சதவீதம்தான் இறங்கும். அதே சீட்டில் எசெடிமைப் 10 என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையைச் சேர்த்தால் ஏறக்குறைய 20 சதவீதம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு அதுவும் போதாதென்றால் எவோலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் இருக்கின்றன. மீதமிருப்பதில் பாதிக்கு மேல் இறக்குபவை. இன்க்ளிசிரான் என்றால் முதல் ஊசி, 3 மாதத்தில் ஒன்று, அப்புறம் 6 மாதத்துக்கு ஒன்று. எதைச் சேர்த்தாலும் 4 முதல் 12 வாரத்துக்குள் ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

குடும்பத்தை விசாரிக்காமல் விடுவது

மருந்து தொடங்கும் முன்பே எல்டிஎல் 190-க்கு மேல் இருந்ததா? பரம்பரையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் பாருங்கள்.

அந்த ஜூனியரை நோயாளியிடம் எண்ணிக்கை கேட்கச் சொன்னேன். வாரத்தில் 4 நாள் விட்டுப்போகிறதாம். ராத்திரி டூட்டி, படுக்கும்போதுதான் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சிம்வாஸ்டாட்டினுக்குச் சொன்னது. அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம். பல் தேய்க்கும் வேளைக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, சீட்டில் 40-ஐ அடித்து மறுபடி 20 என்று எழுதினார்.