வழக்குரைத் திருத்த மனு: சறுக்கும் இடங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பக்கத்துக்காரர் உள்ளே வரக்கூடாதென்று நிரந்தர உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு வழக்கு. வழக்கு நடக்கும்போதே அவர் ஆறு சென்டைத் தன் வேலிக்குள் இழுத்துக்கொள்கிறார். இனி சுவாதீனமும் (அந்த இடத்தைத் திரும்ப ஒப்படைக்கவும்) கேட்டாக வேண்டும். அதற்கு வழக்குரையை, அதாவது வழக்குத் தொடுத்த மனுவை, திருத்த வேண்டும். வழி உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 6 விதி 17.

பெரிய தவறு தாமதம். 1.7.2002 முதல் அமலில் உள்ள காப்புரையின்படி (விதியோடு சேர்ந்த நிபந்தனை), விசாரணை தொடங்கிய பிறகு திருத்தம் கேட்டால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே சொல்ல முடியவில்லை என்று நீதிமன்றத்தை நம்பவைக்க வேண்டும். சாட்சி கூண்டில் ஏறுவதுதான் தொடக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சியின் முதல் விசாரணைக்கான (தன் தரப்புச் சாட்சியத்தை எழுத்தில் தரும்) பிரமாணப் பத்திரம் தாக்கலானாலே தொடங்கியதாக 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது அந்த "கவனக்குறைவால் விடுபட்டுவிட்டது" என்ற வரி. எல்லா மனுவிலும் இருக்கும். உரிய கவனம் இல்லை என்று நாமே எழுதிக்கொடுப்பதுதான் அது. வேலி எந்தத் தேதியில் போடப்பட்டது, எப்போது தெரிந்தது, உடனே என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். புகார் ரசீது, சர்வேயர் அளந்த வரைபடம் இருந்தால் சேருங்கள்.

"உரிய இடத்தில் திருத்த அனுமதிக்கவும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் மனு திரும்பும். எந்தப் பத்திக்குப் பின் எந்த வாசகம், எந்தப் பரிகாரம் என்று அப்படியே வேண்டும். சொத்து விவரத்தில் ஆறு சென்டைத் தனி அயிட்டமாக, சர்வே உட்பிரிவு எண், நான்கு எல்லையோடு காட்டுங்கள். மலைச்சரிவில் "கீழ்ப்புறம் ஓடை" என்று மட்டும் எழுதினால் பின்னால் தீர்ப்பை நிறைவேற்ற முடியாது.

வழக்கின் மதிப்பையும் நீதிமன்றக் கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள். மதிப்பு அந்த நீதிமன்ற வரம்பைத் தாண்டினால் வழக்குரை திருப்பித் தரப்படும்.

புதிய பிரதிவாதியைச் சேர்க்க விதி 17 போதாது; கட்டளை 1 விதி 10. இறந்தவரின் வாரிசுகளுக்குக் கட்டளை 22, கெடு 90 நாள்.

அனுமதி கிடைத்ததும் சிலர் ஓய்ந்துவிடுவார்கள். உத்தரவில் கெடு குறிக்காவிட்டால் 14 நாளுக்குள் திருத்தத்தைச் செய்ய வேண்டும் (விதி 18). தவறினால் கெடுவை நீட்டிக்க மீண்டும் மனு.

மனு தள்ளுபடியானால் அரசியலமைப்பின் 227ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. நீலகிரி வழக்கு என்றால் சென்னைக்கு. கொடைக்கானல் என்றால் மதுரைக் கிளைக்கு.