போட்ல மெத்தைக்கு அடில ஈரம் சேராம பாத்துக்கறது எப்படி

இங்கிலாந்து கால்வாய்ல நேரோபோட்ல (குறுகலான, நீளமான இரும்புப் படகு) குடியிருக்க ஆரம்பிச்சவங்க மொத குளிர்காலத்துலயே பயந்துடுவாங்க, மெத்தைய தூக்கினா பலகை நனைஞ்சு ஓரமெல்லாம் கறுப்பா பூஞ்சை. ஓட்டையான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ஆனா வெயில் காலத்துல காஞ்சிருந்து குளிர்ல மட்டும் ஈரம்னா பெரும்பாலும் அது நம்ம மூச்சும் வேர்வையும்தான்.

உள்ள 20 டிகிரி சூடு, 60 சதவீதம் ஈரப்பதம்னு வைங்க, 12 டிகிரிக்குக் கீழ குளிர்ந்த எந்த இடத்துலயும் தண்ணி கோத்துக்கும். கட்டிலுக்கு அடில சாமான் வைக்கற லாக்கரோ படகோட இரும்புத் தகட்ட ஒட்டி இருக்கு, தகடு கால்வாய்த் தண்ணிய ஒட்டி இருக்கு. மெத்தை தடிமனா இருந்தா நம்ம உடம்புச் சூடு கீழ இறங்காது, அதனால மெமரி ஃபோம் போட்டவங்களுக்குத்தான் தொல்லை ஜாஸ்தி.

1. மெத்தைய நிமித்தி வச்சு முழுசா காய விடுங்க. பலகைய சோப்புத் தண்ணில துடைச்சு அதையும் காய வைங்க. ஈரத்தோட அடுத்த வேலைக்குப் போகாதீங்க.

2. இதுதான் முக்கியமான வேலை, மெத்தைக்கு அடில காத்து ஓடணும். முழு பிளைவுட்ட எடுத்துட்டு ரீப்பர் கட்டைங்கள இடைவெளி விட்டு அடிக்கறதுதான் நல்லது, முடியலன்னா பிளைவுட்லயே வரிசையா ஓட்டை போடுங்க, அதோட லாக்கர் கதவுலயும் ஓட்டை வேணும், ஏன்னா கீழ காத்து நுழைய வழியே இல்லாம மேல மட்டும் ஓட்டை போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. பிளாஸ்டிக் ஷீட் விரிக்கவே விரிக்காதீங்க, ஈரம் அதுக்கு மேலயே தங்கிடும்.

3. கட்டைக்கும் மெத்தைக்கும் நடுவுல, மெத்தைக்கடில போடறதுக்குன்னே விக்கற மெஷ் விரிப்பு ஒண்ணு போடுங்க. பக்கச் சுவர்ல மெத்தை ஒட்டாம ரெண்டு விரல் இடம் விடுங்க.

4. எழுந்த உடனே படுக்கைய மூடிடாதீங்க. போர்வைய விலக்கிட்டு மெத்தைய ஒரு பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்து வைங்க.

5. 1 கிலோ கேஸ் எரிஞ்சா சுமார் 1.6 லிட்டர் தண்ணி ஆவியா வருது, அதனால சமைக்கும்போது ஜன்னல திறங்க. குளிருதுன்னு கூரைல இருக்கற காத்துக் குழாய துணி வச்சு அடைக்கறாங்க, தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, ஈரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடுப்புலருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கண்டிப்பா மாட்டி வைங்க.

6. கரையிலருந்து கரண்ட் கிடைக்குதுன்னா டீஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற மெஷின்) வாங்குங்க, அதுலயும் டெசிகன்ட் வகை, அதாவது ஈரம் உறிஞ்சற பொருள் வச்சது; கம்ப்ரசர் வச்சது குளிர்ல சரியா இழுக்காது.