கிட்டார் நெக் மாட்டும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன மாசம் ஒரு தம்பி அவன் செஞ்ச முதல் அகூஸ்டிக் கிட்டாரைத் தூக்கிட்டு வந்தான். பாக்க பளபளன்னு இருக்கு, ஹீல் (நெக்கோட தடிச்ச அடிப்பகுதி) பாடியோட சேர்ற இடத்துல முடி கூட நுழையாது. வாங்கி ஏழாவது ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்க பதிச்ச கம்பி) ஒரே விரலால எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தற பார் கார்டு புடிச்சேன், ஸ்ட்ரிங் அவ்வளவு உயரம், விரல் கதறிடுச்சு. "அண்ணா, சாடிலை இன்னும் கொஞ்சம் தேய்ச்சா சரியாயிடும்ல?"ன்னு கேக்குறான். சாடில்னா பாடியில ஒட்டின பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங் உக்கார்ற பட்டை. பதினோரு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் கேட்டேன். உளியைத் தீட்டுங்க, பசை காயட்டும்னு சொல்றதுக்கெல்லாம் ஆள் இருக்கு, அதை விட்டுடறேன்.

பிளான்ல போட்ட கோணத்தை அப்படியே நம்புறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல். பிளான்ல நெக் பின்னால சாயற கோணம் ஒன்றரை டிகிரின்னு போட்டிருக்கும், நாம ஒன்றரை டிகிரி வெட்டிடுவோம். ஆனா அந்தப் பிளான் போட்டவரோட பாடி வேற, உங்க பாடி வேற. உங்க டாப் (பாடியோட முன்பலகை) எவ்வளவு குவிஞ்சிருக்கு, ஃப்ரெட்போர்டு எவ்வளவு தடிமன், பிரிட்ஜ் எவ்வளவு உயரம்னு அந்தப் பேப்பருக்கு எப்படித் தெரியும்?

என் முதல் கிட்டார்ல டவ்டெயிலை (புறா வால் மாதிரி வெட்டிக் கோக்கற ஜாயிண்ட்) ரசிச்சு ரசிச்சு ஃபிட் பண்ணி, பசையும் போட்டு, ஸ்ட்ரிங் ஏத்தினா பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல உள்ள உயரம்) 4.5 மில்லி. இருக்க வேண்டியது 2.5. பன்னெண்டாவது ஃப்ரெட் சரியா பாதி தூரத்துல இருக்கறதால அங்க 2 மில்லி குறையணும்னா சாடில்ல 4 மில்லி குறைக்கணும், என் சாடில் வெளிய தெரிஞ்சதே 3 மில்லிதான். நான் என்ன பண்ணேன், சாடிலைத் தேய்ச்சேன், பத்தலன்னு பிரிட்ஜையே 9.5ல இருந்து 6க்கு இழைச்சேன், ஸ்ட்ரிங் சாடில் மேல அழுத்தவே இல்ல, சத்தம் அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி ஆயிடுச்சு. நடுவுல ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள ஓடற இரும்புக் கம்பி) வேற முறுக்கினேன். ட்ரஸ் ராடு நெக்கோட வளைவைத்தான் சரி பண்ணும், நெக் பாடியில உக்கார்ற கோணத்தை அது தொடவே தொடாது.

கடைசில பதினஞ்சாவது ஃப்ரெட்டைப் புடுங்கி, அந்த ஸ்லாட்ல ஓட்டை போட்டு, அம்மாவோட குக்கர்ல விசில் இருக்கற இடத்துல ட்யூப் மாட்டி ஆவி விட்டுத்தான் நெக்கைக் கழட்டினேன். கழண்டுச்சு, ஆனா சுத்தி இருந்த லாக்கர் பூச்சு பாலாடை மாதிரி வெளுத்துப் போச்சு. அப்புறம் புது பிரிட்ஜ், புது சாடில். இத்தனைக்கும் ஹீலோட அடிப்பக்கத்துல எடுக்க வேண்டியிருந்தது சுமார் 1.25 மில்லிதான்! பதினாலாவது ஃப்ரெட்ல இருந்து சாடில் கிட்டத்தட்ட 287 மில்லி தள்ளி இருக்கு, ஹீல் உயரமோ 90 தான், அதனால ஹீல்ல ஒரு மில்லி எடுத்தா பிரிட்ஜ்கிட்ட மூணு மில்லி ஏறிடும்.

அதனால பசையைத் தொடறதுக்கு முன்னாடியே நெக்கை உலர்வா மாட்டி, நீளமான ஸ்ட்ரெயிட் எட்ஜை ஃப்ரெட் மேல வைங்க. அதோட நுனி பிரிட்ஜோட மேல்பக்கத்தை உரசணும், இல்ல அரை மில்லி மேல நிக்கலாம். ஃப்ரெட் இன்னும் அடிக்கலன்னா அதோட உயரத்தை மனசுல கழிச்சுக்கோங்க. கீழ போய் இடிச்சா ஹீல் அடியில எடுக்கணும். ஹீலுக்கும் பாடிக்கும் நடுவுல சாண்ட்பேப்பர் பட்டையை, சொரசொரப்பு ஹீல் பக்கம் இருக்கற மாதிரி வச்சு, நெக்கை அழுத்திக்கிட்டே இழுங்க. ரெண்டு பக்கமும் எத்தனை இழுப்புன்னு எண்ணுங்க, ஒரு பக்கம் கூடினா நெக் கோணிக்கும். ஹீலோட உள்முகத்தை முன்னாடியே கொஞ்சம் குழிச்சு, ஓரத்துல மூணு மில்லி மட்டும் விட்டு வச்சா வேலை பாதியாயிடும்.

சென்டர் லைனை அழிக்கிறது

நெக் நடுவுல நீளவாக்குல போட்ட கோடு அது. அழிக்காதீங்க.

கண்ணளவுல நெக்கை இழைக்கிறது

கைக்கு குண்டா இருக்கேன்னு எடுத்துக்கிட்டே போவோம். ஃப்ரெட்போர்டோட சேர்த்து முதல் ஃப்ரெட்ல 21 மில்லி வச்சா, போர்டுக்கு 6 போக மரம் 15. ட்ரஸ் ராடு குழி 10 போச்சுன்னா மிச்சம் அஞ்சு. 18க்கு இறக்கினா ரெண்டு மில்லி மரம்தான் இருக்கும், ராடை இறுக்கினா பிளந்துக்கும். முதல் ஃப்ரெட்லயும் ஒம்பதாவதுலயும் மட்டும் அளவுக்கு செதுக்கிட்டு, நடுவுல இருக்கறதை நேரா சேருங்க.

ஃபிட் பண்றதுக்கு முன்னாடியே ஹீலை முழுசா செதுக்கறது

அப்புறம் சாண்ட்பேப்பர் இழுக்கும்போது அந்த அழகான வளைவு ஓரம் எல்லாம் மாறிப்போகும்.

வார்னிஷ் அடிச்சிட்டு வாசிச்சுப் பாக்கறது

வெறும் மரமா இருக்கும்போதே ரெண்டு நாள் ஸ்ட்ரிங் போட்டு வைங்க. 12 கேஜ் (தடிமன் அளவு) ஸ்ட்ரிங் செட் டியூன் ஆனா எழுபது கிலோவுக்கு மேல இழுக்கும், டாப் கொஞ்சம் எழும்பும், ஆக்‌ஷன் எங்க போய் நிக்குதுன்னு தெரியும். அந்தத் தம்பியோடது போல்ட் ஜாயிண்ட், நல்லவேளை, ஸ்பானரை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.