வீட்ல கே-ன்னு சொல்லப் போறீங்களா? அதை பாவமன்னிப்பா ஆக்கிடாதீங்க

மதப்பற்று அழுத்தமா இருக்குற குடும்பத்துல வளந்த ஒருத்தர் தான் கே-ன்னோ லெஸ்பியன்னோ, அதாவது தன் பாலினத்தவர் மேலயே ஈர்ப்பு உள்ளவர்னு, சொல்ல வர்றப்ப பெரும்பாலும் என்ன ஆகுதுன்னா, அந்தப் பேச்சு தானாவே தப்பை ஒத்துக்கிற பேச்சா மாறிடுது. தலைய குனிஞ்சுக்கிட்டு "மன்னிச்சிருங்க, எனக்கு ஒரு பிரச்சனை"ன்னு நாம ஆரம்பிக்கிறோம், உடனே கேக்கறவங்க பரிகாரம் சொல்ல ஆரம்பிச்சிடறாங்க. இதை முன்கூட்டியே யோசிச்சு வெச்சா தடுக்க முடியும்.

முதல்ல, இப்பவே சொல்லணுமான்னு பாருங்க. பொய் சொல்றது பாவம்னு கேட்டே வளந்ததால, மறைச்சு வாழறதே குத்தம்னு உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும், அது தாங்காம ஏதோ ஒரு ராத்திரி அழுதுக்கிட்டே கொட்டிடுவாங்க, அப்படி மட்டும் சொல்லாதீங்க. தங்கற இடம், சாப்பாடு, படிப்புச் செலவு எல்லாம் குடும்பத்து கையில இருக்கா, அடிக்கிறது, பூட்டி வைக்கிறது, கட்டாயக் கல்யாணம் இதெல்லாம் நடக்க வாய்ப்பு இருக்கா? இருந்தா தள்ளிப் போடுங்க. உங்க நாட்டுச் சட்டத்தையும் பாத்துக்கோங்க, இன்னும் 60-க்கும் மேற்பட்ட நாடுகள்ல தன்பாலுறவு குற்றம்தான், அங்க உறவுக்காரங்க ஒருத்தர் போலீஸுக்குப் போனாலே வாழ்க்கை மாறிடும். காத்திருக்கறது கோழைத்தனம் இல்லங்க, உயிரோட பத்திரமா இருக்கறது முக்கியம்.

தயாராகறதுன்னா சர்டிபிகேட், ஐடி, பாஸ்போர்ட் எல்லாம் உங்க கைக்கு எட்டற இடத்துல இருக்கணும், உங்க பேர்ல மட்டும் ஒரு பேங்க் அக்கவுண்ட், அதோட ஓடிபி வர்ற நம்பரும் உங்களுதா இருக்கணும். போன் லாக்கை மாத்துங்க, போட்டோவும் மெசேஜும் வீட்டு டேப்லெட்ல தானா ஏறுதான்னு செக் பண்ணுங்க, நிறைய பேர் மாட்டறது இதுலதான். அன்னைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டி வந்தா எங்க போவீங்கன்னு ஒரு வீட்டை பேசி வெச்சுடுங்க.

யார்கிட்ட முதல்ல சொல்றது? என் கருத்து, அம்மா அப்பாகிட்டயும் இல்ல, மதகுருகிட்டயும் இல்ல. வாயைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள்கிட்ட, அது அக்காவா இருக்கலாம், வெளிய இருக்குற நண்பரா இருக்கலாம். அவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிய செய்தியில வந்த ஏதாவது ஒரு ஜோடிய பத்தி சாதாரணமா பேச்சை எடுத்துப் பாருங்க, முகமே சொல்லிடும். மதகுருகிட்ட போயே ஆகணும்னு தோணினா முதல் கேள்வியே "நான் சொல்றது உங்களோட நிக்குமா, என் வீட்டுக்குப் போகாதில்ல?"ன்னு இருக்கட்டும். கத்தோலிக்கரா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, பாவசங்கீர்த்தனத்துல (பாவத்தை ஒத்துக்கிற சடங்குல) கேட்டதை குருவானவர் யார்கிட்டயும் சொல்லக்கூடாது, ஆனா ஆபீஸ்ல உக்காந்து பொதுவா பேசினா அதுக்கு அந்த ரகசியக் கட்டுப்பாடு கிடையாது.

சொல்ற நாள் நோன்பு, பண்டிகை, துக்கம், சண்டை எதுவும் இல்லாத நாளா இருக்கட்டும். கார்ல போறப்ப வேண்டாம், நீங்க எழுந்து வெளிய போக முடியற இடமா பாருங்க. அம்மா அப்பா ரெண்டு பேர்ல யார் கொஞ்சம் மென்மையோ அவங்ககிட்ட தனியா முதல்ல. பேச்சு சின்னதா இருக்கணும், நாலு வரி போதும், இப்படி:

"அம்மா, உங்ககிட்ட மறைச்சு தூரமாப் போக எனக்கு விருப்பமில்ல, அதனால சொல்றேன். எனக்குப் பொண்ணுங்க மேல ஈர்ப்பு வராது, ஆம்பளைங்க மேலதான் வரும். ரொம்ப நாளா யோசிச்சு, பிரார்த்தனை பண்ணி, அப்புறம்தான் சொல்றேன். இன்னைக்கே நீங்க எதுவும் முடிவு சொல்ல வேணாம்."

இதுல மன்னிப்பு எங்கயும் இல்ல பாருங்க. பொண்ணா இருந்தா அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க. பிரார்த்தனைய பத்தின வரி உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க.

அதுக்கப்புறம் வர்றதுதான் கஷ்டம். "நாங்க என்ன பாவம் பண்ணோம்", "யாரு உன்னைக் கெடுத்தா", "கல்யாணம் ஆனா சரியாயிடும்", கடைசியா வேதத்துல இருந்து ஒரு வசனம். தயவு செஞ்சு முதல் நாள் வசனச் சண்டைக்குப் போகாதீங்க, நீங்க எவ்வளவு படிச்சிருந்தாலும் சரி, அந்த நேரம் அவங்க அர்த்தம் தேடல, பயத்துல இருக்காங்க, ஊர் என்ன சொல்லும், புள்ள நரகத்துக்குப் போயிடுமோன்னு நிஜமாவே நடுங்கறாங்க. "நீங்க பயப்படறது புரியுது, வசனத்த பத்தி இன்னொரு நாள் பேசலாம்"னு சொல்லி நிறுத்துங்க. கல்யாண விஷயத்துல மட்டும் அன்னைக்கே தெளிவா இருங்க: "இன்னொருத்தரோட வாழ்க்கையையும் கெடுக்க மாட்டேன்." குரல் உயந்தாலோ கை ஓங்கினாலோ கிளம்பிடுங்க, பேச்சு அப்புறம்.

மாத்திடலாம்னு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க, டாக்டரோ, பேய் ஓட்டறவரோ, முகாமோ. இங்க விட்டுக்குடுக்காதீங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க, உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல. ஜெபத்தால மாத்தலாம்னு பல வருஷம் நடத்தின எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்ங்கற கிறிஸ்தவ அமைப்பே 2013-ல மன்னிப்பு கேட்டுட்டு இழுத்து மூடிட்டாங்க. மதத்துக்குள்ள இருந்தவங்களே கைவிட்ட வழி இதுன்னு சொன்னா, மருத்துவ ஆதாரத்தை விட சில அப்பாக்களுக்கு அது உறைக்குது. கவுன்சிலிங் வேணும்னு அழுத்தினா, மாத்தறேன்னு சொல்லாத ஆள்கிட்ட நீங்களே தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டுப் போங்க.

உங்க மத நம்பிக்கைய விட்டுட்டுத்தான் வெளிப்படையா வாழணும்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, வீட்ல சொன்னாலும் சரி, கே நண்பர்கள் சொன்னாலும் சரி. விட்டுடறவங்க இருக்காங்க, அது அவங்க முடிவு. ஆனா ட்ராய் பெர்ரிங்கற அமெரிக்கப் போதகர் 1968-லயே தன்பாலீர்ப்பாளர்களை வரவேற்கற ஒரு சர்ச் ஆரம்பிச்சார், கத்தோலிக்கர்களுக்கு டிக்னிட்டிங்கற அமைப்பு 1969-ல இருந்து இருக்கு, வைஷ்ணவர்களுக்கு கால்வா, ஆச்சார யூதர்களுக்கு எஷெல், பிரிட்டன்ல முஸ்லிம்களுக்கு ஹிதாயா. தூரத்துல இருந்தாலும் அவங்க எழுதறதப் படிங்க, தனியா இல்லன்னு தெரியறதே பெரிய பலம். குடும்பம் ஒதுக்கி வெச்சு, உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுச்சுன்னா அதை தனியா சுமக்காதீங்க, அந்த நிமிஷமே ஹெல்ப்லைனுக்கோ நீங்க முதல்ல சொன்ன அந்த ஆளுக்கோ கூப்பிடுங்க.

நீங்க சொல்றதுக்கு முன்னாடியே யாராவது போட்டுக் குடுத்துட்டா, பதட்டத்துல முழுசா மறுக்கவும் வேணாம், முழுசா விளக்கவும் வேணாம். "இதை நானே சொல்றப்ப சொல்றேன்"னு ஒரே வரி, திரும்பத் திரும்ப. பெரியவங்க கூட்டம் போட்டு கூப்பிட்டா தனியா போகாதீங்க, போகாம இருக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

சொல்லி முடிச்ச பிறகு வர்ற வாரங்கள்ல அம்மா அப்பாவும் யார்கிட்டயும் பேச முடியாம தவிப்பாங்க, அதை மறந்துடறோம். 1973-ல நியூயார்க்ல பெத்தவங்களே கூடி ஆரம்பிச்சதுதான் பிஃப்ளாக், இந்த மாதிரி பெற்றோர் குழு இப்ப நிறைய மொழியில இருக்கு. உங்க வீட்டுக்கு ஒத்து வர்ற ஒண்ணை முன்னாடியே கண்டுபிடிச்சு, அவங்க அழுது கொஞ்சம் அடங்கினதும் அம்மா கையில அந்த நம்பரைக் குடுங்க, அப்பாவுக்குத் தெரியாம பேசினாலும் பரவால்ல.