டாஸ் விளையாட்டுகளுக்கு அசல் ஒலி: பழைய பென்டியத்தில் சவுண்ட் பிளாஸ்டர் 16 பொருத்துவது எப்படி?

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடிய 1990களின் விளையாட்டுகளை இன்றைய லேப்டாப்பிலேயே, பழைய கணினிபோல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலை வைத்து ஓட்டிவிடலாம். விளையாடினால் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். அந்தக் காலத்து யமஹா சிப் எழுப்பும் ஒலியை அசலாகவே கேட்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்டைச் செருகப் பத்து நிமிடம் ஆகும். நாள் கணக்கில் நேரத்தைத் தின்பது மூன்று எண்கள்.

விண்டோஸில் விளையாட்டுகள் டிரைவரிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டாஸில் அப்படி நடுவில் ஆள் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டும் கார்டிடம் நேரடியாகப் பேசும். அதற்கு கார்டின் போர்ட் முகவரி (விளையாட்டு கார்டைக் கூப்பிடும் எண்), ஐஆர்கியூ (கார்டு பிராசசரைக் கூப்பிடும் தடம்), டிஎம்ஏ சேனல் (நினைவகத்திலிருந்து கார்டுக்கு ஒலி நேரடியாகப் போகும் வழி) மூன்றும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

ஐஎஸ்ஏ என்ற பழைய வகை கார்டு ஸ்லாட் உள்ள மதர்போர்டு முதலில். நீளமாக, பெரும்பாலும் கறுப்பாக, இரண்டு துண்டாக இருப்பதுதான் 16 பிட் ஐஎஸ்ஏ. பக்கத்தில் வெள்ளையாகக் குட்டையாக இருப்பது பிசிஐ. இன்டெல் 1999இல் 810 சிப்செட்டோடு ஐஎஸ்ஏவைக் கைவிடத் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய போர்டாகத் தேடுங்கள். 100 முதல் 233 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பென்டியம் நல்ல தேர்வு. ரேம் 32 எம்பி போதும்.

பிசிஐ சவுண்ட் கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். டாஸ் விளையாட்டுகள் எதிர்பார்க்கும் பழைய டிஎம்ஏ முறை பிசிஐ ஸ்லாட்டில் கிடையாது. அதைப் போலி செய்து காட்டும் டிரைவர்கள் சில விளையாட்டுகளில் வேலை செய்யும், பலவற்றில் காலை வாரும்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 2 ஜிபிக்கு மேற்போகாத சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டும், அதை ஹார்டு டிஸ்க்குக்கான ஐடிஇ கேபிளில் மாட்டும் அடாப்டரும் வாங்கலாம். டாஸ் 6.22இல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது.

இனி கார்டு. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் 16க்கு ஏகப்பட்ட வகைகள் உண்டு. பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல் சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். யமஹாவின் ஒய்எம்எஃப்262 அல்லது கிரியேட்டிவின் சிடி1747 இருந்தால் யமஹாவின் அசல் இசைச் சுற்றான ஓபிஎல்3 இருக்கிறது என்று பொருள். பின்னாளில் வந்த பல கார்டுகளில் சிக்யூஎம் என்ற நகல்தான் இருக்கிறது. அதில் இசை கேட்கும், ஆனால் ஒரு உலோக ரீங்காரம் கூடவே வரும். அதற்காகவா இத்தனை பாடு? இன்னொன்று, முகவரியை மாற்ற ஜம்பர் (பின்களை இணைக்கும் சின்ன மூடி) உள்ள கார்டே புதியவர்களுக்கு எளிது. ஜம்பரே இல்லாவிட்டால் அது பிளக் அண்ட் ப்ளே வகையாக இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் மென்பொருள்தான் எழுப்ப வேண்டும்.

பொருத்துதல்

பவர் கேபிளைப் பிடுங்குங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். போர்ட் முகவரி ஜம்பரை 220இலும், மிடி (இசைக்கருவி இணைப்பு) ஜம்பரை 330இலும் வையுங்கள். கார்டை நேராக, இரு முனையிலும் சம அழுத்தம் கொடுத்து இறக்குங்கள். ஸ்க்ரூ போட்ட பிறகு மறுமுனை மேலே தூக்கிக்கொண்டதா என்று ஒருமுறை பாருங்கள், பாதிப் பேருக்குக் கார்டு தெரியாமல் போவது இதனால்தான். சிடியிலிருந்து பாட்டு வரும் விளையாட்டுகளுக்கு டிரைவிலிருந்து கார்டுக்கு ஒரு நான்கு பின் ஆடியோ கேபிளும் வேண்டும்.

அடுத்தது பயாஸ், அதாவது கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை. மதர்போர்டிலேயே சவுண்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். 'பிளக் அண்ட் ப்ளே ஓஎஸ்' என்பதற்கு 'நோ'. ஐஆர்கியூ 5, டிஎம்ஏ 1, டிஎம்ஏ 5 மூன்றையும் 'லெகஸி ஐஎஸ்ஏ' என்று ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் பயாஸ் அந்த 5ஐ நெட்வொர்க் கார்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். 7ஐத் தொடாதீர்கள், அது வழக்கமாகப் பிரின்டர் போர்ட்டுடையது.

டாஸ் அமைப்பு

டாஸின் எஃப்டிஸ்க் நிரலில் பார்ட்டிஷன் உருவாக்கியதும் அதை 'ஆக்டிவ்' ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் சிஎஃப் கார்டிலிருந்து கணினி எழாது. டாஸை நிறுவிய பின் கணினி எழும்போது தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் இந்த வரியைச் சேருங்கள்:

செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 ஹெச்5 பி330 டீ6

ஆங்கில எழுத்துகளில் (SET BLASTER=A220 I5 D1 H5 P330 T6) தட்ட வேண்டும், சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. ஏ என்பது போர்ட் முகவரி, ஐ ஐஆர்கியூ, டி 8 பிட் டிஎம்ஏ, ஹெச் 16 பிட் டிஎம்ஏ, பி மிடி போர்ட். கடைசியில் உள்ள டீ, 'டைப்' என்பதன் முதல் எழுத்து. 6 என்றால் சவுண்ட் பிளாஸ்டர் 16.

இந்த வரி கார்டை மாற்றாது, விளையாட்டுக்குத் தகவல் மட்டும் சொல்லும். கார்டில் ஒன்றும் வரியில் வேறொன்றும் இருந்தால் கதை முடிந்தது. ஐஆர்கியூவுக்கும் டிஎம்ஏவுக்கும் ஜம்பர் இல்லாத கார்டில் அவற்றைக் கிரியேட்டிவின் 'டயக்னோஸ்' நிரலால் அமையுங்கள். பிளக் அண்ட் ப்ளே கார்டு என்றால் இந்த வரிக்குக் கீழே யூனிசவுண்ட் என்ற சின்ன நிரலை ஓட விடுங்கள். வரியில் உள்ள எண்களைப் படித்து, கார்டை அவற்றுக்கே அமைத்துவிட்டு, நினைவகத்தில் தங்காமல் வெளியேறிவிடும்.

சோதிக்க 1993இன் டூம் இலவசப் பதிப்பு நல்லது. அதன் செட்அப்பில் இசைக்கும் ஒலிக்கும் தனித்தனியாகக் கார்டைத் தேர்ந்தெடுங்கள்.

கோளாறைக் காதால் கண்டுபிடிப்பது

இசை வருகிறது, துப்பாக்கிச் சத்தம் வரவில்லை என்றால் ஐஆர்கியூ, டிஎம்ஏ இரண்டையும் பாருங்கள். ஓபிஎல் இசைக்கு அவை இரண்டுமே தேவையில்லை, பதிவு செய்த ஒலிக்குத்தான் வேண்டும். ஒரே துணுக்கு திரும்பத் திரும்பக் கேட்டாலோ, ஒருமுறை ஒலித்து நின்றுபோனாலோ ஐஆர்கியூ தப்பு: 'முடிந்தது, அடுத்ததைக் கொடு' என்று கார்டு கூப்பிடுவது விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சத்தம் வர வேண்டிய இடத்தில் கணினியே உறைந்தால் டிஎம்ஏவைச் சந்தேகியுங்கள். கார்டே இல்லை என்று சொன்னால் போர்ட் தப்பு, அல்லது பிளக் அண்ட் ப்ளே கார்டு இன்னும் எழவில்லை.

எண்களெல்லாம் சரியாக இருந்தும் 1990க்கு முந்தைய விளையாட்டு 'ஆட்லிப் (சவுண்ட் பிளாஸ்டருக்கு முந்தைய, ஓபிஎல் சிப் கொண்ட கார்டு) இல்லை' என்று சாதித்தால் காரணம் வேகம். பழைய ஓபிஎல் சிப்புக்கு ஒரு எண்ணை அனுப்பிய பின் 23 மைக்ரோசெகண்ட் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைச் சில நிரலர்கள் வெறும் சுழற்சிகளை எண்ணி எழுதினார்கள். பென்டியம் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவதால் சிப் பதில் சொல்ல நேரமே இருக்காது.

'ரன்டைம் எரர் 200' என்பதும் இதே குடும்பம். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிய பல நிரல்கள் 55 மில்லிசெகண்டில் எத்தனை சுழற்சி ஓடுகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்த ஈவு 16 பிட்டுக்குள் அடங்காது, பிராசசர் வகுத்தல் பிழை என்று நிறுத்திவிடும். இதற்குத் தனி பேட்ச் இருக்கிறது. மற்றவற்றுக்குப் பயாஸில் 'இன்டர்னல் கேஷ்' என்பதை அணைத்துப் பாருங்கள். பென்டியம் ஏறக்குறைய 386 அளவுக்கு நொண்டும், பழைய விளையாட்டுகளுக்கு அந்த வேகமே சுகம். டூமுக்குத் திரும்பும்போது மறக்காமல் மீண்டும் போட்டுவிடுங்கள்.