உச்சி ஓதத்திலும் உப்பு ஏறவில்லை: சென்சாரைச் சரிசெய்த கதை

கழிமுகத்தில் நங்கூரமிட்டுக் கட்டியிருந்த சென்சார், உப்பளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்ட ஆரம்பித்தது. மழை இல்லை, ஆற்றிலும் வெள்ளம் இல்லை. 12 மணி 25 நிமிட ஓத ஏற்ற இறக்கம் வரைபடத்தில் ஒழுங்காகவே தெரிந்தது. ஆனால் கடல்நீர் உள்ளே வரும்போது 35-ஐ (கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு) ஒட்டி நிற்கவேண்டிய உச்சி தாழ்ந்துகொண்டே போனது. அமாவாசை, பௌர்ணமி கழிந்தால் ஓதம் தணிவது இயல்புதான்; அடுத்த அமாவாசைக்கும் அது மீளவில்லை என்றதும் சந்தேகம் உறுதியானது.

மேலே இழுத்துப் பார்த்தால், மின்கடத்துதிறன் அளக்கும் துளைக்குள் (அதை வைத்துத்தான் சென்சார் உப்பளவைக் கணக்கிடுகிறது) வழவழவென்று பாசிப்படலம், ஓரத்தில் கடுகளவு கொட்டலசுகள் (ஒட்டி வளரும் ஓடுடைய சிறு கடலுயிரிகள்). துளை குறுகினால் அளவு குறைவாகத்தான் வரும்.

உடனே துடைத்துவிடக் கூடாது, இதுதான் முக்கியம். அதே இடத்து நீரை வாளியில் எடுத்து, சரிபார்த்த கைக்கருவியோடு சென்சாரையும் சேர்த்து முழுகவைத்து அளவைக் குறித்தேன். பிறகு மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து மறுபடி குறித்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பாசியின் வேலை. அதற்குப் பிறகும் மிஞ்சும் பிழைக்குத்தான் தர உப்புக்கரைசலில் (உப்பளவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) அளவுத்திருத்தம். பழைய தரவைத் திருத்தியபோது மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் பாசியும் கொட்டலசும் எளிதில் ஒட்டாமலிருக்க, உடல்பகுதி முழுக்கச் செம்பு நாடா சுற்றினேன். அலுமினிய உடலில் செம்பு நேரடியாகப் பட்டால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். அடியில் மின்காப்பு நாடா கட்டாயம். வெயில் காலத்தில் பாசி வேகமாகப் படிவதால், சுத்தம் செய்யும் இடைவெளியையும் குறைத்துவிட்டேன்.