பரங்கிப் பிஞ்சு அழுகி விழுகிறதா?

விழுந்த பிஞ்சை முதலில் அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. (புழுவே இல்லையென்றால் பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். காலை வெயில் ஏறுமுன் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.)

பழ ஈ இளந்தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். அப்புறம் மேலே வேப்பெண்ணெய் தெளித்தாலும் புழுவை எட்டாது. முன்கூட்டியே மூடி வைப்பதுதான் நான் நம்பும் வழி. பெண்பூ வாடிய உடனே, பழைய வேட்டித் துணியில் தைத்த பையைப் பிஞ்சுக்கு மாட்டி, காம்பில் தளர்வாகக் கட்டுங்கள். பூ விரியும் முன்பே மூடினால் தேனீ வர வழியில்லை. பாலித்தீன் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்து பிஞ்சு அழுகும். காய் பெருக்கப் பெருக்க கட்டைத் தளர்த்துங்கள். நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றியதும் பையைக் கழற்றிவிடலாம்.

சொத்தைப் பிஞ்சைக் கொடியடியிலோ எருக்குழியிலோ போட்டுவிடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டிச் சில நாள் நல்ல வெயிலில் போடுங்கள். பாலித்தீன் பைக்கு இங்கேதான் வேலை.

இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டு விடியற்காலையில் மந்தமாக இருக்கும். கையாலேயே பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்.